கண்ணுக்குத் தெரியாத வேலி

எங்கள் குருமனைக்கு முதன்முறையாக வருகிறவர்கள் வாயிலருகே சற்றே தயங்கி நிற்பது வழக்கம். வேப்பமரத்து நிழலில் படுத்திருக்கும் நாயைக் கண்டு, "சாமி, நாயைக் கட்டவில்லையா?" என்று கேட்பார்கள். "கட்டித்தான் இருக்கிறது, கட்டு உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. எங்கள் வளாகத்தைச் சுற்றித் தரைக்குள் ஒரு கம்பி ஓடுகிறது. அந்தக் கம்பியோடு நான் பட்ட பாட்டையும், அதனால் நான் கற்றுக்கொண்ட ஒன்றிரண்டு செய்திகளையும் இத்திங்கள் நம் குடும்பங்களுக்கு எழுதலாம் என்று எண்ணினேன். இவற்றுள் ஒரு செய்தி உயிரைப் பற்றியது. ஆகையால் பொறுமையோடு இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

வீரசோழனைச் சுற்றியுள்ள நிலம் எப்படிப்பட்டது என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்தவர்கள் அறிவார்கள். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மிளகாய், பருத்தி, மக்காச்சோளம். அதுவும் இல்லையேல் சீமைக்கருவேல் மரமும் கரிமூட்டமும்தான். இத்தகைய நிலத்தில் மக்களைக் கைவிடாத செல்வம் ஆடு. வீரசோழன் வாரச்சந்தை ஆட்டுக்குப் பெயர் பெற்றது. சந்தைக்கு முந்தின நாள் மாலையிலிருந்தே எங்கள் வளாகத்தை ஒட்டிய சாலையில் ஆடுகள் சாரைசாரையாகச் செல்லும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பங்குக் குடும்பம் ஒன்று எனக்கு ஒரு நாய்க்குட்டியைப் பரிசளித்தது. சிப்பிப்பாறை இனம். இதே விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய வேட்டை நாய் அது. பக்கத்து இராசபாளையம் இனத்துக்கு 2005-ஆம் ஆண்டு அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டுப் பெருமைப்படுத்தியது. சிப்பிப்பாறைக்கு அந்தச் சிறப்பு வாய்க்கவில்லை எனினும் ஓட்டத்தில் அது யாருக்கும் இளைத்ததன்று. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், முயலைக் கண்ணால் கண்டு துரத்தும் குணம். உட்காரச் சொன்னால் உட்காரும். ஆனால் ஏதேனும் ஒன்று ஓடக் கண்டால் உலகத்தை மறந்துவிடும். அதற்கு மணி என்று பெயரிட்டேன்.

மணிக்கு ஒரு வயது முடியும் முன்னரே நான் அஞ்சியது நடந்தது. ஒரு மாலை சாலையில் சென்ற மந்தைக்குள் அது பாய்ந்தது. நான் கூவியது அதன் காதில் விழவில்லை. சினையாக இருந்த ஓர் ஆடு தொடையில் கடிபட்டு, மறுநாள் காலையில் இறந்தது. ஆட்டுக்குரிய கீதாரி என் வாயிலில் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். கோபத்தோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோள்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அமைதியாக நின்றார். நான் ஆட்டின் விலையை எடுத்து நீட்டினேன்.

"பணம் கிடக்கட்டும் சாமி. வர்ற வாரமும் நான் இந்த வழியாத்தான் வரணும். நாய் இருக்குமா இருக்காதான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. மணியைச் சங்கிலியால் கட்டினோம். ஓடுவதற்கென்றே பிறந்த பிராணி வேப்பமரத்தைச் சுற்றி அரைவட்டமாக நடந்துகொண்டே இருந்தது. இரண்டு மாதத்தில் அந்த அரைவட்டத்தில் புல் முளைக்காமற்போயிற்று. உணவைப் பாதியில் விட்டுவிடும். வளாகமோ ஏறத்தாழ 2 ஏக்கர். சுற்றுச்சுவர் எழுப்பப் பங்கில் வசதியில்லை. "யாருக்காவது கொடுத்துவிடுங்கள் சாமி" என்றார் உபதேசியார். அதுவே முடிவாக இருந்திருக்கும். அவ்வேளையில் பங்குக் குடும்பம் ஒன்றின் மருமகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தார். நாயின் நிலையைப் பார்த்துவிட்டுப் போனவர், அடுத்த முறை வருகையில் பெட்டி நிறையக் கம்பிச் சுருள்களும் ஒரு கருவியும் கொண்டுவந்தார்.

அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு ரிச்சர்ட் பெக் என்பவர் உருவாக்கிய முறையாம் இது. இதன் சூட்சுமம் எளியது. வீட்டுச் சுவரில் மாட்டிய கருவி ஒரு மெல்லிய வானொலிச் சைகையைக் கம்பியில் அனுப்புகிறது. உறையிட்ட அந்தக் கம்பி வளாகத்தைச் சுற்றித் தரைக்குள் நாலைந்து விரற்கடை ஆழத்தில் ஓடி, மறுபடியும் கருவிக்கே வந்து சேர்கிறது. நாயின் கழுத்துப் பட்டையில் ஒரு சிறு வாங்கி இருக்கிறது. நாய் கம்பியை நெருங்கினால் வாங்கி அந்தச் சைகையை உணர்ந்து முதலில் 'கீச்' என்று ஒலிக்கும். அதையும் மீறி நெருங்கினால் பட்டையில் உள்ள இரண்டு உலோக முனைகள் சுள்ளென்று ஒரு சிறு அதிர்வைத் தரும். இதில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று: அதிர்வு பிறப்பது பட்டையின் சிறு மின்கலத்தில்தான், தரையிலுள்ள கம்பியைத் தொட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இந்த வேறுபாட்டின் அருமை எனக்குப் பின்னரே விளங்கிற்று.

முதல் தடை முதல் நாளே வந்தது. எங்கள் ஊர் ஒயர்மேன் கருவியோடு வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாமி, இது 120 வோல்ட்டுக்கு மட்டுந்தான். நம்ம 230-ல மாட்டினா புகைதான் வரும்" என்றார். வெளிநாட்டுப் பொருள்களை ஆவலோடு மின்செருகியில் நுழைக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில அடாப்டர்களில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருக்கும். அவை நம் நாட்டிலும் வேலை செய்யும். எங்களுடையது அப்படியன்று. கருவிக்கு எத்தனை வோல்ட் தேவை என்று பார்த்து, அதற்கேற்ற வேறோர் அடாப்டரை அருப்புக்கோட்டையில் வாங்கி மாட்டினோம்.

இரண்டு ஏக்கரைச் சுற்றிவர ஏறத்தாழ 360 மீட்டர் கம்பி வேண்டும். சுருள் ஒன்றில் இருந்ததோ 150 மீட்டர். எனவே மூன்று சுருள்கள், இரண்டு இணைப்புகள். பீடச்சிறுவர்கள் கடப்பாரையும் களைக்கொட்டுமாக ஒரு சனிக்கிழமை முழுவதும் உழைத்தார்கள். வீட்டிலிருந்து எல்லை வரை செல்லும் இரண்டு இழைகளை மட்டும் ஒன்றோடொன்று நன்றாக முறுக்கிப் புதைத்தோம். அப்படி முறுக்கினால் எதிரெதிராக ஓடும் சைகைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். நாய் அதன்மேல் அச்சமின்றி நடக்கலாம்.

பட்டையை மணியின் கழுத்தில் மாட்டும் முன் அதன் இரு முனைகளையும் என் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு கம்பியை நோக்கி நடந்தேன். கட்டெறும்பு கடித்தது போலிருந்தது. சிறுவர்கள் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்லிப் புரியவைக்க முடியாத ஓர் உயிருக்கு இதை மாட்டப்போகிறோம் என்ற உறுத்தல் இருந்தது. இந்த உறுத்தல் எனக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் வேல்ஸ் நாடு இத்தகைய அதிர்வுப் பட்டைகளை 2010-ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. ஆகவே அதிர்வை மிகக் குறைந்த அளவில் வைத்து, ஒலியைக் கொண்டே பழக்குவது என்று முடிவு செய்தோம். எல்லை நெடுக வெள்ளைத் துணிக்கொடிகள் நட்டோம். இரண்டு வாரம் காலையும் மாலையும் மணியைக் கயிற்றில் பிடித்து நடத்திச் சென்றேன். ஒலி கேட்டதும் கயிற்றை மெல்ல இழுத்து, "வா" என்று அழைத்து, திரும்பி வந்தால் ஒரு துண்டு கருவாடு. பத்தாம் நாள் ஒலி கேட்டதும் அது தானாகவே திரும்பி என் முகத்தைப் பார்த்தது. சங்கிலியைக் கழற்றினேன். வளாகம் முழுவதும் அது ஓடிய ஓட்டத்தைக் கண்டு சமையற்கார அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேலி போடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பது ஆண்டு முழுவதும் வேலை என்பதை அதன் பின்னரே கண்டேன்.

கோடையில் எங்கள் கரிசல் மண் வெடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைவிரல்கள் நுழையும் அளவுக்குப் பிளவு விடும். மே மாதத்தில் ஒரு நாள் கருவி விட்டுவிட்டு அலறத் தொடங்கியது. கம்பி எங்கோ அறுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். 360 மீட்டரில் எந்த இடம்? எல்லாவற்றையும் தோண்டவா முடியும்? ஒயர்மேன் காட்டிய வழி இது. முதலில் கருவியிலிருந்து இரு முனைகளையும் கழற்றிவிட்டு, ஒரு முழக் கம்பியை வளைத்து அதில் மாட்டினார். அலறல் நின்றது. ஆகவே கருவியில் குறையில்லை, தரையிலுள்ள கம்பியில்தான் குறை. பிறகு, வளையத்தின் பாதித் தூரத்தில் கம்பியை வெட்டி, அந்த இடத்திலிருந்து ஓர் உதிரிக் கம்பியைத் தரைமேலாகவே கருவிவரை இழுத்து வந்தார். முதல் பாதியையும் உதிரிக் கம்பியையும் கருவியில் மாட்டினார். அலறல் இல்லை. எனவே முதல் பாதி நல்லது, அறுந்திருப்பது இரண்டாம் பாதியில். அதையும் பாதியாக்கிப் பார்த்தார். 360 மீட்டர் 180 ஆயிற்று. பிறகு 90, 45. நான்காம் முறையில் 23 மீட்டருக்குள் வந்துவிட்டோம். அந்த இடத்தில் ஒரு பெரிய மண்வெடிப்பு குறுக்கே ஓடிற்று. தோண்டினால் கம்பி வெடுக்கென அறுந்து கிடந்தது. நாங்கள் கம்பியை வீணையின் நரம்பு போல் இழுத்துப் புதைத்திருந்தோம். மண் விரிந்தபோது அதற்கு இடங்கொடுக்க நெகிழ்வில்லை. அன்று முதல் கம்பியை நெளிவுநெளிவாகப் போட்டு, வெடிப்பு விழும் இடங்களில் பழைய பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்தி, சுற்றிலும் மணல் இட்டு மூடுகிறோம்.

ஐப்பசி மழையில் வேறொரு கோளாறு. கருவி அலறவில்லை, விளக்கு எரிந்தது. ஆயினும் மணி கம்பியின்மேலேயே போய் நின்றது. மின்கலம் தீர்ந்துவிட்டதோ என்று புதிதாக மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. நோய் முற்றிலும் வெளியே தெரிந்தால் மருத்துவருக்கு எளிது. பாதி மறைந்திருந்தால்தான் துன்பம். ஒயர்மேன் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். எங்கள் கம்பியின் பருமனுக்கு 360 மீட்டர் செம்பின் மின்தடை ஏறத்தாழ 12 ஓம் இருக்க வேண்டும். முள் நாற்பதைத் தாண்டிற்று. இணைப்புகளைத் தோண்டிப் பார்த்தோம். வெறும் டேப் சுற்றிய இடத்தில் நீர் புகுந்து செம்பு பச்சைக் களிம்பாகியிருந்தது. களிம்பைச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, நீர் புகாத பசை நிரப்பிய சிமிழுக்குள் இணைப்பை அடைத்தோம். மீட்டர் 12-க்கு வந்தது. இன்றளவும் அந்த எண்ணைக் கருவியின் பக்கத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். நலமாக உள்ளபோது எடுத்த அளவு கையிலிருந்தால்தான் நலங்கெட்டபோது ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இன்னும் சில சிறு பாடங்கள். கம்பி அண்டை நிலத்து இரும்பு முள்வேலிக்கு நெருக்கமாகவும் இணையாகவும் ஓடினால், சைகை அந்த இரும்பிலும் ஏறி நாயை வேண்டாத இடத்தில் விரட்டும். ஆகவே இரண்டு பாகமாவது தள்ளிப் போட வேண்டும். இடி இடித்தால் கருவியைச் செருகியிலிருந்தும் கம்பியிலிருந்தும் கழற்றிவிட வேண்டும். அண்டைப் பனையில் விழுந்த மின்னலுக்கு எங்கள் முதல் கருவி இரையாயிற்று. பட்டையை இரவில் கழற்றி, கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். ஓயாமல் அணிவித்தால் முனைகள் அழுத்திப் புண்ணாகும். வாரம் ஒருமுறை பட்டையை நாயின் கழுத்து உயரத்தில் கையில் பிடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றி வர வேண்டும். நாய் அடங்கியிருக்கிறது என்பதால் வேலி நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்யலாகாது. அது பழைய நினைவால் அடங்கியிருக்கலாம்.

இந்த வேலிக்கு என்னால் தீர்க்க முடியாத குறை ஒன்றுண்டு. ஒரு நண்பகல் மணி ஒரு முயலைக் கண்டு பாய்ந்த வேகத்தில் ஒலியையும் அதிர்வையும் ஒருசேரத் தாண்டி வெளியே போய்விட்டது. வேட்டையின் வெறியில் அதற்கு ஒன்றும் உறைக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. இப்போது வெறியில்லை, அச்சம் மட்டும் இருந்தது. எல்லைக்கு அப்பால் நின்று குருமனையைப் பார்த்து முனகியது. ஓர் அடி எடுத்து வைக்கும். கீச்சென்ற ஒலி கேட்டதும் பின்வாங்கும். போகும்போது தடுக்காத வேலி வரும்போது தடுத்தது. நான் ஓடிச் சென்று கருவியை நிறுத்தினேன். கழுத்துப் பட்டையையும் கழற்றிவிட்டு, அருகில் நின்று அழைத்து வந்தேன். அன்றிரவு அது என் அறை வாயிலை விட்டு நகரவில்லை. வழிதவறிப் போனவனை வீட்டுக்கு வரவிடாமல் செய்வது நாம் போட்ட வேலிதானோ என்ற கேள்வி அன்று எனக்குள் எழுந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு நான் இதற்குமேல் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, உயிரைப் பற்றியது என்று முதலில் குறிப்பிட்ட செய்திக்கு வருகிறேன்.

ஆட்டைப் பறிகொடுத்த அந்தக் கீதாரி பின்னர் எனக்கு நெருங்கிய பழக்கமானார். வாரந்தோறும் மந்தையோடு போகையில் நின்று, மணி எல்லைக்குள் நிற்பதை வியந்து பார்ப்பார். ஆட்டோடு ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலமும் அவருக்குண்டு. 2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை வந்தார்.

"சாமி, உங்க நாய்க்கம்பி மிச்சம் இருந்தா கொஞ்சம் கொடுங்க. மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி உழுது போட்டுடுச்சு. மோட்டாரிலிருந்து கட்டுக்கம்பி இழுத்து விட்டிருக்கேன். கம்பி பத்தல" என்றார்.

எனக்கு உடல் சில்லிட்டது. "எப்போது இழுத்தீர்கள் பெரியவரே?"

"நேத்து ராத்திரிதான். பொழுது சாய்ஞ்சு சுவிட்சைப் போடுவேன், விடியுமுன்ன நிறுத்திடுவேன். நீங்களும் கம்பியிலதானே நாயை நிறுத்தி வச்சிருக்கீங்க?"

என்னைப் பார்த்தே அவர் கற்றிருக்கிறார்! எல்லாக் கம்பியும் ஒன்றே என்று அவர் எண்ணியதில் அவர்மீது குற்றமில்லை. விளங்கச் சொல்லாதது என் குற்றம்.

முன்பு நான் பணிபுரிந்த பங்கு ஒன்றில் நடந்ததை அவரிடம் சொன்னேன். காணாமற்போன மாட்டைத் தேடி விடியுமுன் புறப்பட்ட இளைஞன் ஒருவன், பன்றிக்காக விரித்திருந்த கம்பியில் கால்பட்டு இறந்தான். கம்பியை விரித்தவரும் அதே பங்கைச் சேர்ந்தவர். இறந்தவனைத் தூக்கி வளர்த்தவர். சவப்பெட்டியின் ஒருபுறம் தாய் விழுந்து அழுதாள். மறுபுறம் நிற்க வேண்டிய அந்த மனிதர் காவல் நிலையத்தில் இருந்தார். அவருடைய மனைவி கோயிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் முக்காடிட்டு நின்றார். அடக்கச் சடங்கை முடித்து நான் முதலில் அந்தத் தூணருகேதான் சென்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பன்றிக்குத்தானே சாமி போட்டார்?" அதற்கு என்ன பதில் சொல்வது? கம்பிக்குப் பன்றி எது, பிள்ளை எது என்று தெரியாது.

யானைக்கும் தெரியாது. 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய கள்ள மின்வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயற்று நின்றதை நாளேடுகளில் பார்த்திருப்பீர்கள்.

கீதாரிக்கு மூன்று வகைக் கம்பிகளையும் பிரித்துச் சொன்னேன். ஒன்று, எங்கள் நாய்க்கம்பி. அதில் ஓடுவது வெறும் சைகை; பட்டை அணியாத பன்றிக்கு அது இருப்பதே தெரியாது. இரண்டு, முறையான மின்வேலி. அதற்கென ஒரு கருவி உண்டு. அது மின்சாரத்தைத் தொடர்ந்து விடாமல், நொடிக்கு ஒருமுறை போல, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்குத் துடிப்பாக விடும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஆற்றல் மிகக் குறைவு. தொட்ட உயிர் அதிர்ந்து விலகத் துடிப்புகளுக்கிடையே நேரம் இருக்கும். மூன்று, அவர் இழுத்திருந்த கம்பி. 230 வோல்ட் இடைவிடாமல் ஓடும். தொட்டால் தசை இறுகி, பிடித்த கை விடாது. ஈரநிலத்தில் நிற்பவனுக்கு விலக வழியே இல்லை. சட்டமும் இதை விடாது. 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தனி விதிகளை வெளியிட்டுள்ளது. நேரடி மின்சாரத்தில் வேலி போடுவது குற்றம். உயிர் போனால் சிறை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எம் பேரன் கருக்கல்ல அந்தப் பக்கந்தான் சாமி வெளிக்குப் போவான்" என்றார்.

இருட்டிக்கொண்டிருந்தது. ஒயர்மேனை அழைத்துக்கொண்டு உடனே புறப்பட்டோம். முதலில் மோட்டார் அறையில் மெயினை நிறுத்திப் பியூசுகளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார் ஒயர்மேன். டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பின்பே கம்பியில் கைவைத்தார். கைவிளக்கு வெளிச்சத்தில் மூவருமாகக் கம்பியைச் சுருட்டினோம். வரப்போரமாக ஓரிடத்தில் கம்பி வாய்க்கால் நீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே வந்ததும் கீதாரி சுருட்டுவதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அந்த நீரையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் பேசவில்லை.

இதனால் எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு மக்காச்சோளத்தில் பெரும்பகுதியைப் பன்றிகளே தின்றன. அவருடைய மகன்கள் பரண் கட்டித் தகரம் தட்டிக் காத்தும் முழுவதையும் காக்க இயலவில்லை. உயிரைக் காக்கும்படி ஏழையிடம் சொல்கிறவன், அதற்காக அவன் இழப்பதையும் அறிந்திருக்க வேண்டும். மறு ஆண்டு அண்டை நிலத்துக்காரர்கள் இருவரோடு சேர்ந்து, மூவருமாக ஒரே சூரிய மின்வேலிக் கருவியை முறைப்படி வாங்கினார்கள். இதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கியிருப்பதால், நம் விவசாயக் குடும்பங்கள் கடன் வாங்கும் முன் அந்த அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

அந்த வேலிக்கும் கோளாறு வந்தது. அதற்குள் நானும் ஓர் அரை ஒயர்மேன் ஆகிவிட்டேன். கோடையில் பன்றி கம்பியைத் தொட்டும் அஞ்சாமல் நுழைந்தது. கருவி நன்றாயிருந்தது, கம்பியும் நன்றாயிருந்தது. குறை மண்ணில் இருந்தது. காய்ந்த கரிசலில் மின்சாரம் திரும்பி வர வழியில்லை. ஒன்றுக்கு மூன்றாக எர்த் கம்பிகளை ஆழமாக அடித்து, வாரம் ஒருமுறை அடியில் நீர் ஊற்றியதும் வேலிக்கு உயிர் வந்தது. கம்பியில் உரசும் சீமைக்கருவேல் கிளைகளையும் புல்லையும் அவ்வப்போது வெட்டாவிட்டால் துடிப்பெல்லாம் அவற்றின் வழியே மண்ணுக்குள் கசிந்து போய்விடும். அந்த வேலை இப்போது கீதாரியின் பேரனுடையது.

மணிக்கு வயது ஏழு நடக்கிறது. முகவாய் நரைத்துவிட்டது. பட்டையின் அதிர்வை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒலி மட்டுமே போதுமாயிருக்கிறது. சந்தை நாட்களில் ஆடுகள் சாலையில் போகும்போது வேப்பமரத்தடியிலிருந்து தலையை உயர்த்திப் பார்க்கும். பிறகு முன்னங்கால்மேல் முகத்தை வைத்துக்கொள்ளும். கீதாரி வாயிலருகே நின்று, "என்ன மணி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஆட்டின் விலையை அவர் இன்றளவும் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்புக்குரிய குடும்பத்தினரே! நாய்க்கு வேலி போட விரும்புவோர் தாராளமாக வந்து எங்கள் கருவியைப் பார்க்கலாம். தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். ஆனால், உங்கள் தோட்டத்திலோ உங்கள் உறவினர் தோட்டத்திலோ மோட்டாரிலிருந்து ஒரு வெறுங்கம்பி வயலைச் சுற்றி ஓடுமானால், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். கம்பியை இன்றிரவே சுருட்டிவிடுங்கள். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்; விடியுமுன்தான் யாரேனும் அவ்வழியே நடந்து வருவார்கள்.